சாவியே முகவரியாகும்போது

லாபிஸ் சிறு ஊர். ஜொகூரின் சிகாமட் மாவட்டத்தில், கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூர் நோக்கிப் போகும் பழைய இரயில் பாதையில் இருக்கிறது. ஊரைத் தாண்டினால் செம்பனையும் ரப்பரும்தான். இப்படி ஓர் ஊரில் காலையில் யார் யாரிடம் பேசினார் என்பது மாலைக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். சம்பளத்தில் காரணம் சொல்லாமல் பிடிக்கிறார்கள், கையுறை இல்லாமல் மருந்தடிக்கச் சொல்கிறார்கள் என்று முறையிட நினைக்கும் ஒரு தொழிலாளிக்கு அதுவே பெரிய தடை. சொன்னது யார் என்று தெரிந்துவிடுமே என்ற பயம் வாயை அடைத்துவிடுகிறது.

அவருக்காக ஒரு தொழிலாளர் சங்கம் தன் அலுவலகத்தில் புகார்ப் பெட்டி வைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளங்கையில் அடங்கும் ஒரு ராஸ்பெரி பை கணினி, ஓர் இணைய இணைப்பு, அதில் ஓடும் ஒரு சர்வர், பெட்டி அவ்வளவுதான். ஆனால் அது மூன்று கேள்விகளுக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். எழுதியதை வழியில் யாராவது படிக்க முடியுமா? எங்கிருந்து எழுதினார் என்று யாருக்காவது தெரியுமா? இது சங்கத்தின் பெட்டிதானா, வேறு எவரோ வைத்த போலிப் பெட்டியா?

இப்படிப்பட்ட பெட்டிகள் உலகில் ஏற்கெனவே இருக்கின்றன. ஆரன் சுவார்ட்ஸ் உருவாக்கிய மென்பொருளைக் கொண்டு 2013இல் அமெரிக்காவின் நியூயார்க்கர் இதழ் ஒன்றைத் திறந்தது. இன்று செக்யூர்டிராப் என்ற பெயரில் பல செய்தி நிறுவனங்கள் அதை நடத்துகின்றன. அது டார் எனும் அநாமதேய வலைக்குள் இயங்குகிறது. அதே வலைக்குள் நாமே ஒரு சர்வரை நிறுவி, அதற்கு எச்.டி.டி.பி.எஸ் பாதுகாப்பும் கொடுப்பது எப்படி, அதற்கு முன் அது தேவைதானா என்பதைப் பார்ப்போம்.

பூட்டும் சாட்சியும்

உலாவியில் நாம் காணும் பூட்டுச் சின்னத்துக்குப் பின்னால் இருப்பது எச்.டி.டி.பி.எஸ். 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனம் தன் உலாவிக்காக உருவாக்கிய முறை அது. அதன் முதுகெலும்பான டி.எல்.எஸ் நெறிமுறையின் 1.3ஆம் பதிப்பு 2018 ஆகஸ்டில் வெளியானது. அது செய்வது இரண்டு வேலைகள்.

முதல் வேலை பூட்டுவது. முன்பின் அறியாத இரண்டு கணினிகள், ஊரே ஒட்டுக் கேட்கும் இடத்தில் உரக்கப் பேசியே தங்களுக்கு மட்டும் தெரிந்த ஓர் இரகசிய எண்ணை உண்டாக்கிக்கொள்ள முடியும். 1976இல் விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் இதற்கு வழி காட்டினார்கள். சின்ன எண்களில் செய்து பார்க்கலாம். லாபிஸ் கணினியும் குளுவாங் கணினியும் 3, 17 என்ற இரண்டு எண்களைப் பொதுவில் ஒப்புக்கொள்கின்றன. லாபிஸ் தன் மனத்துக்குள் 6ஐ வைத்துக்கொள்கிறது. ஆறு மூன்றுகளைப் பெருக்கினால் 729. அதை 17ஆல் வகுத்தால் மீதி 15. இந்த 15ஐ உரக்கச் சொல்கிறது. குளுவாங் தன் மனத்தில் 7ஐ வைத்துக்கொள்கிறது. ஏழு மூன்றுகளின் பெருக்கம் 2187, மீதி 11. அதையும் உரக்கச் சொல்கிறது. இப்போது லாபிஸ் தான் கேட்ட 11ஐ ஆறு தடவை எழுதிப் பெருக்கி 17ஆல் வகுக்கிறது, மீதி 8. குளுவாங் தான் கேட்ட 15ஐ ஏழு தடவை எழுதிப் பெருக்கி வகுக்கிறது. அங்கும் மீதி 8. ஒட்டுக் கேட்டவர் காதில் விழுந்தவை 3, 17, 15, 11 மட்டுமே. இவ்வளவு சின்ன எண்களில் அவர் முயன்று 8ஐக் கண்டுபிடித்துவிடலாம். உண்மையில் பயன்படும் எண்கள் மிகப் பெரியவை. உலகின் கணினிகளை எல்லாம் சேர்த்தாலும் பின்னோக்கிக் கணக்கிட முடியாது.

இரண்டாவது வேலை சாட்சி சொல்வது. 11 என்று சொன்ன குரல் குளுவாங்கின் குரல்தானா? நடுவில் ஒருவன் நின்று லாபிஸிடம் தன்னைக் குளுவாங் என்றும், குளுவாங்கிடம் லாபிஸ் என்றும் சொல்லிக்கொண்டால், இரு பக்கமும் பூட்டு உறுதியாகவே இருக்கும். சாவிகள் மட்டும் அவன் கையில் இருக்கும். இதைத் தடுக்கத்தான் சான்றிதழ். இந்தப் பொதுச் சாவி (எல்லாருக்கும் காட்டும் சாவி) இந்தப் பெயருக்கு உரியது என்று உலாவிகள் நம்பும் ஒரு நிறுவனம் கையொப்பமிட்டுத் தருவது அது. ஒரு காலத்தில் பணம் கட்டித்தான் வாங்க வேண்டியிருந்தது. 2015 டிசம்பரில் லெட்ஸ் என்கிரிப்ட் பொதுமக்களுக்குத் திறந்தபின் இலவசமாகவே கிடைக்கிறது.

சாட்சியின் அருமை மலேசியர்களுக்கு 2024 செப்டம்பரில் புரிந்திருக்க வேண்டும். நாம் ஒரு தளத்தின் பெயரைத் தட்டினால், அதன் எண் முகவரியை டி.என்.எஸ் எனும் பெயரேடு எடுத்துத் தருகிறது. பலர் தங்கள் இணைய நிறுவனத்தின் பெயரேட்டை விட்டுவிட்டு கூகுள், கிளவுட்ஃபிளேர் நிறுவனங்களின் பெயரேடுகளைக் கேட்பார்கள். அப்படிப் போகும் கேள்விகளையும் வழியிலேயே திருப்பி உள்ளூர்ப் பெயரேட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று தொடர்பு பல்லூடக ஆணையமான எம்.சி.எம்.சி இணைய நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. செப்டம்பர் 30 வரை அவகாசம் கொடுத்தது. சூதாட்டம், ஆபாசம் போன்றவற்றைத் தடுப்பதே நோக்கம் என்றது. எதிர்ப்பு எழுந்ததும், செப்டம்பர் 8 அன்று அதைத் தொடர வேண்டாம் என்று அமைச்சர் ஃபாஹ்மி ஃபட்சில் அறிவித்தார். உத்தரவு நின்றது. பெயரேட்டை நடுவழியில் திருப்ப முடியும் என்ற பாடம் மட்டும் நிலைத்துவிட்டது. திருப்பியவர் நல்லவரா கெட்டவரா என்பதைப் பெயரேடு சொல்லாது. தவறான கணினியில் கொண்டுபோய் விட்டார்கள் என்றால் அங்கே சரியான சான்றிதழ் இருக்காது, உலாவி எச்சரிக்கும். அந்த எச்சரிக்கைதான் சாட்சியின் குரல்.

சாட்சியே தவறினால்? அதற்கும் நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. மலேசியா 1997லேயே மின்னியல் கையொப்பச் சட்டம் இயற்றிய நாடு. ஆனாலும் 2011 நவம்பரில், டிஜிசெர்ட் செண்டிரியான் பெர்ஹாட் என்ற மலேசியச் சான்றளிப்பு நிறுவனம் 512 பிட் நீளமே உள்ள பலவீனமான சாவிகளுக்கு 22 சான்றிதழ்கள் கொடுத்திருந்தது தெரியவந்தது. அந்த நீளமுள்ள சாவியை உடைக்க முடியும் என்பது 1999லேயே நிரூபிக்கப்பட்ட ஒன்று. மைக்ரோசாஃப்ட்டும் மொசில்லாவும் அந்த நிறுவனத்தின் சான்றிதழ்களை நம்புவதை நிறுத்தின. அதே மாதம், மலேசிய வேளாண் ஆராய்ச்சிக் கழகமான மார்டியின் பெயரில் இருந்த ஒரு சான்றிதழைக் கொண்டு கையொப்பமிட்ட தீங்கு மென்பொருள் ஒன்றை ஃபின்லாந்தின் எஃப்-செக்யூர் நிறுவனம் கண்டுபிடித்தது. 2014 ஜூலையில் இந்தியாவின் தேசியத் தகவலியல் மையத்திலிருந்து கூகுளின் பெயருக்கு அனுமதியில்லாச் சான்றிதழ்கள் வெளியாகியிருந்தன. கையொப்பம் இடுவது மனிதர்கள் நடத்தும் நிறுவனம். அங்கே கை தவறினால் பூட்டுச் சின்னம் பொய் சொல்லும்.

வெங்காயத் தோலுக்குள் ஒரு பெட்டி

சாட்சிக்கு ஆளே வேண்டாம், கணக்கே சாட்சி சொல்லட்டும் என்ற வழிதான் டார் வலையில் இருக்கிறது. 1990களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் பால் சிவர்சன் முதலியோர் தொடங்கிய ஆராய்ச்சி, 2002இல் டார் என்ற பெயரில் இயங்கத் தொடங்கியது. 2006இல் அதற்கென ஓர் இலாப நோக்கற்ற அமைப்பு உருவானது.

நம் செய்தி மூன்று உறைகளுக்குள் போடப்பட்டு, மூன்று இடைநிலைக் கணினிகள் வழியே போகிறது. முதல் கணினி மேலுறையை மட்டும் பிரிக்கும். அனுப்பியவரை அறியும், சேருமிடத்தை அறியாது. நடுக் கணினி இரண்டையும் அறியாது. கடைசிக் கணினி சேருமிடத்தை அறியும், அனுப்பியவரை அறியாது. வெங்காயத்தைத் தோல் தோலாக உரிப்பது போன்ற முறை என்பதால்தான் இந்த வலையின் முகவரிகள் 'ஆனியன்' என்று முடிகின்றன.

புகார்ப் பெட்டியும் இந்த வலைக்குள்ளேயே இருக்கும்போது இன்னொரு அழகான ஏற்பாடு சேர்கிறது. லாபிஸில் இருப்பவரும் குளுவாங்கில் இருப்பவரும் தங்கள் வீட்டைக் காட்டிக்கொள்ள விரும்பவில்லை என்றால் என்ன செய்வார்கள்? இருவருக்கும் சொந்தமில்லாத பெக்கோக் இரயில் நிலையத்தில் சந்திப்பார்கள். டாரிலும் அப்படித்தான். சர்வர் முதலில் சில இடைநிலைக் கணினிகளைத் தன் அறிமுக இடங்களாக வைத்துக்கொண்டு, அந்தப் பட்டியலைக் கையொப்பமிட்டு வெளியிடுகிறது. வருபவர் வேறொரு கணினியைச் சந்திப்பு இடமாகத் தேர்ந்து, அறிமுக இடம் வழியே 'அங்கே வா' என்று சேதி அனுப்புகிறார். இரு பக்கமும் தனித்தனி வழியில் வந்து அங்கே சேர்கின்றன. சந்திப்பு இடம் உட்பட ஆறு கணினிகள் நடுவில் நிற்கின்றன. உள்ளே ஓடும் பேச்சை எதுவும் படிக்க முடியாது. சர்வர் எப்போதும் வெளியே போய்த்தான் பேசுகிறது. அதன் கதவை வெளியிலிருந்து தட்ட வேண்டியதில்லை. அதனால், ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பகிரும் இணைப்பிலும், ஒரு தாமான் வீட்டின் சாதாரண மோடத்திலும் இது இயங்கும்.

முகவரியில்தான் உண்மையான அற்புதம் இருக்கிறது. ஆனியன் முகவரியில் 56 எழுத்துகள். அவை யாரும் ஒதுக்கிக் கொடுத்தவை அல்ல. சர்வரின் பொதுச் சாவி 32 பைட். பிழை சரிபார்க்க 2 பைட். பதிப்பு எண்ணுக்கு 1 பைட். மொத்தம் 35 பைட், அதாவது 280 பிட். ஓர் எழுத்துக்கு 5 பிட் என்று பிரித்தால் 56 எழுத்து. ஆக முகவரியே பொதுச் சாவி. அந்த முகவரியில் பதில் சொல்ல, அதன் இணையான, யாருக்கும் காட்டாத தனிச் சாவியை வைத்திருப்பவரால் மட்டுமே முடியும். பெயரேடு இல்லை, ஆகவே திருப்ப எதுவுமில்லை. சான்றளிப்பவர் இல்லை, ஆகவே கை தவறவும் எவருமில்லை.

அப்படியானால் எச்.டி.டி.பி.எஸ் எதற்கு?

நியாயமான கேள்வி. பூட்டு இருக்கிறது, சாட்சியும் இருக்கிறது. டார் உலாவியே, எச்.டி.டி.பி.எஸ் இல்லாத ஆனியன் தளத்தையும் பாதுகாப்பானதாகவே கருதுகிறது. ஆனாலும் குறை ஒன்று உண்டு: அது கணக்கில் இல்லை, நம் கண்ணில் இருக்கிறது.

56 எழுத்துகளை யார் முழுவதும் படித்துப் பார்ப்பார்கள்? முதல் ஏழெட்டு எழுத்தைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடுவோம். கோடிக்கணக்கான சாவிகளை உண்டாக்கிக்கொண்டே போனால், விரும்பிய எழுத்துகளில் தொடங்கும் முகவரி ஒன்று என்றாவது கிடைக்கும். முதல் எட்டு எழுத்து பொருந்துவதற்குச் சராசரியாக 32ஐ எட்டு முறை பெருக்கிய அளவு, அதாவது 1 டிரில்லியனுக்குச் சற்று அதிகமான முயற்சிகள் தேவை. இன்றைய கணினிகளுக்கு அது எட்டாத தூரம் அல்ல. 2014 அக்டோபர் 31 அன்று ஃபேஸ்புக் தன் ஆனியன் முகவரியை அறிவித்தபோது, அது தன் பெயரின் எட்டு எழுத்துகளில் தொடங்குமாறு இப்படித்தான் தேடி எடுத்திருந்தது. நல்லவர் தேடலாம் என்றால் போலியும் தேடலாம். இந்த முகவரிக்குச் சொந்தக்காரன் ஒருவனே என்று கணக்கு உறுதி சொல்கிறது. அந்த ஒருவன் சங்கம்தான் என்று அது சொல்லவில்லை. ஊரறிந்த பெயருக்கும் ஊரறியாத சாவிக்கும் முடிச்சுப் போட இன்னொரு சாட்சி வேண்டியிருக்கிறது.

அதனால்தான் ஃபேஸ்புக் அன்றே அமெரிக்காவின் டிஜிசெர்ட்டிடமிருந்து சான்றிதழும் வாங்கி வைத்தது. பெயர் ஒத்திருந்தாலும் முன்சொன்ன மலேசிய நிறுவனத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. 2015 அக்டோபரில் ஆனியன் என்ற முடிவெழுத்து இணையத் தரநிலையில் தனிச் சிறப்புப் பெயராகப் பதிவானது. முதலில் விரிவாகச் சரிபார்த்துத் தரும் சான்றிதழ் மட்டுமே ஆனியன் முகவரிக்குக் கிடைத்தது. 2020இல் விதி தளர்ந்து, முகவரியின் உரிமையை மட்டும் சரிபார்க்கும் எளிய சான்றிதழுக்கும் வழி பிறந்தது. மறு ஆண்டு முதல் கிரேக்கக் கல்வி நிறுவனங்களின் ஹரிக்கா அதை வழங்குகிறது. எளிய சான்றிதழிலும் ஒரு வசதி உண்டு: சங்கத்தின் வழக்கமான இணையப் பெயரையும் ஆனியன் முகவரியையும் ஒரே சான்றிதழில் சேர்த்து எழுதலாம். அதுவே நாம் தேடிய முடிச்சு.

வேறு பயன்களும் உண்டு. டார் மென்பொருள் ஒரு கணினியிலும் இணையதளம் இன்னொரு கணினியிலும் ஓடினால், டாரின் பூட்டு முதல் கணினியோடு முடிந்துவிடும்; எஞ்சிய கம்பித் தூரத்தை டி.எல்.எஸ் காக்கும். எச்.டி.டி.பி இரண்டாம் பதிப்பு போன்ற வசதிகளை உலாவிகள் டி.எல்.எஸ் இருந்தால்தான் தருகின்றன.

நிறுவும் வழி

வேலையின் வரிசை எளியது. இணையதள மென்பொருளான என்ஜின்எக்ஸ் அல்லது அப்பாச்சியை நிறுவி, அதைக் கணினிக்குள்ளேயே பேசும் 127.0.0.1 என்ற உள்முகவரியில் மட்டும் கேட்கச் சொல்ல வேண்டும். டார் மென்பொருளின் அமைப்புக் கோப்பில் இரண்டே வரி: சாவிகளை வைக்கும் கோப்புறை எது, வெளியிலிருந்து வரும் அழைப்பை உள்ளே எந்தத் துறைக்கு (போர்ட்) விட வேண்டும். எச்.டி.டி.பி.எஸ் வேண்டுமானால் 443 என்ற துறைக்கும் ஒரு வரி. டாரை மறுபடி தொடங்கினால் அந்தக் கோப்புறையில் முகவரி எழுதிய கோப்பும் தனிச் சாவிக் கோப்பும் தோன்றும்.

தனிச் சாவிக் கோப்புதான் இந்த வீட்டின் பட்டா. வேறு பயனர் திறக்க முடியாதபடி அனுமதியைச் சுருக்கி, இணையத்தோடு சேராத ஒரு சேமிப்பில் பிரதி எடுத்து வையுங்கள். தொலைந்தால் முகவரி என்றைக்கும் திரும்பாது. திருடு போனால் திருடனும் அதே முகவரியில் கடை விரிப்பான். அதை இரத்து செய்யச் சொல்லி முறையிட ஓர் அலுவலகம் கிடையாது. டி.எல்.எஸ் சான்றிதழின் சாவி திருடு போனால் இரத்து செய்து புதிது வாங்கலாம். யாரையும் நம்பத் தேவையில்லாத முறைக்கு நாம் கொடுக்கும் விலை இதுதான்: தவறைத் திருத்தித் தரவும் யாருமில்லை.

சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது, முகவரி நம்முடையது என்று நிரூபிக்க இரண்டு வழிகள் உண்டு. அவர்கள் தரும் ஒரு குறியீட்டைத் தளத்தில் குறித்த இடத்தில் வைத்துக் காட்டலாம். அல்லது ஆனியன் சாவியைக் கொண்டே விண்ணப்பத்தில் கையொப்பமிடலாம். வழக்கமான இணையதளத்தில் 'எங்கள் ஆனியன் முகவரி இது' என்று தெரிவிக்கும் ஒரு தலைப்பு வரியையும் சேர்த்துவிட்டால், டார் உலாவியே வருபவருக்கு அதைக் காட்டிக் கொடுக்கும். 2020 முதல் இந்த வசதி இருக்கிறது. வழக்கமான தளம் எச்.டி.டி.பி.எஸ்ஸில் இருந்தால்தான் அது வேலை செய்யும். சான்றிதழ்களின் ஆயுள் குறைந்துகொண்டே வருகிறது. 2029 மார்ச் முதல் 47 நாளுக்கு மேல் கூடாது என்று விதி வந்துவிட்டது. ஆகவே புதுப்பிப்பதைத் தானே நடக்கும்படி அமைப்பது நல்லது.

கசியும் இடங்கள்

பூட்டு எவ்வளவு நல்லதாயினும் சுவரில் ஓட்டை இருந்தால் பயனில்லை. 2015இல் ஆய்வாளர்கள் 1,974 ஆனியன் தளங்களைக் காரோன்டே என்ற கருவியால் சோதித்து, 101 தளங்களின் உண்மையான இணைய முகவரியைக் கண்டுபிடித்தார்கள். டாரை அவர்கள் உடைக்கவில்லை. தளத்தின் பக்கங்களிலும் சான்றிதழ்களிலும் சிந்திக் கிடந்த தடயங்களே போதுமாக இருந்தன. சர்வர் உள்முகவரியில் மட்டும் கேட்காமல் பொது முகவரியிலும் கேட்டால், ஆனியன் பெயர் எழுதிய சான்றிதழை அங்கேயும் நீட்டும். முழு இணையத்தையும் வருடிச் சான்றிதழ்களைச் சேகரிக்கும் தேடுபொறிகள் இருக்கின்றன. அவற்றில் ஒரு தேடல் போதும், பெட்டி எந்த இணைப்பில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

அப்பாச்சியிலும் இப்படி ஒரு பொறி உண்டு. சர்வரின் நிலையைக் காட்டும் உள்பக்கத்தை அது உள்முகவரியிலிருந்து வருபவருக்கு மட்டும் திறக்கும். டார் வழியே வரும் ஒவ்வொருவரும் உள்முகவரியிலிருந்தே வருவதுபோல் தெரிவதால், அந்தப் பக்கம் உலகுக்கே திறந்துவிடும். அதை அணைத்து வைக்க வேண்டும்.

வெப்பமும்கூடக் கோள் சொல்லும். கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் ஸ்டீவன் மர்டாக் 2006இல் காட்டியது இது: கணினி சூடானால் அதன் கடிகாரம் ஓடும் வேகம் நுண்ணளவில் மாறும், அந்த மாற்றத்தைத் தூரத்திலிருந்தே அளந்து, மறைந்திருக்கும் சர்வரை அடையாளம் காணலாம். அதேபோல் ஊரில் மின்சாரம் போகும் நேரத்திலெல்லாம் தளமும் மறைந்தால், கவனித்துக்கொண்டிருப்பவருக்கு ஊர் தெரிந்துவிடும்.

எல்லாவற்றிலும் பெரிய கசிவு, நாம் அறிந்தே செய்வது. 2018 முதல் குரோம் உலாவி, புதிய சான்றிதழ் ஒவ்வொன்றும் எவரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேடுகளில் பதிவாக வேண்டும் என்று கேட்கிறது. 2011இல் நடந்ததுபோல் தவறுகள் மறைந்து கிடக்கக் கூடாது என்பதற்காக வந்த நல்ல ஏற்பாடு. ஆனால் அதன்படி, ஆனியன் முகவரிக்குச் சான்றிதழ் வாங்கிய அன்றே அப்படி ஒரு முகவரி இருப்பது உலகுக்கு அறிவிக்கப்பட்டதாகிவிடும்.

யாருக்கு எது?

ஆகவே தீர்ப்பு தெளிவு. பெயரோடு நிற்கும் அமைப்பு, அதாவது சங்கம், செய்தி நிறுவனம், சட்ட உதவி மையம், தன்னைத் தேடி வருபவரை மட்டும் மறைக்க விரும்பினால் சான்றிதழ் வாங்க வேண்டும். முன்பின் தெரியாத 56 எழுத்துகளை நம்பச் சொல்வதைவிட, தான் இன்னார் என்று சாட்சியோடு நிற்பது அதன் கடமை. சில நண்பர்களுக்கு மட்டும் நடத்தும், இருப்பதே தெரியக்கூடாத சர்வருக்குச் சான்றிதழ் வேண்டாம். டார் தரும் பூட்டே அதற்குப் போதும், முகவரியை நேரில் கையில் கொடுத்தால் சாட்சியும் தீர்ந்தது.

இதே வலையில்தான் சில்க் ரோடு எனும் போதைப்பொருள் சந்தையும் நடந்தது. 2013 அக்டோபரில் அமெரிக்கக் காவல்துறை அதை மூடியது. முகமூடி திருடனுக்கும் உதவும் என்பதால், அடிக்குப் பயந்தவரின் முகத்தைத் திறந்துவிட முடியாது. குற்றம் குற்றம்தான், எந்த வலைக்குள் செய்தாலும் சட்டம் ஒன்றே.

இணையம் கற்ற இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்ச் சங்கத்துக்கோ சமூக அமைப்புக்கோ இப்படி ஒரு பெட்டி அமைத்துக் கொடுக்க ஒரு வார இறுதி போதும். அமைத்தபின் அதன் முகவரியை அலுவலகச் சுவரில் 56 எழுத்தும் தெளிவாகத் தெரிய அச்சிட்டு ஒட்டுங்கள். கடைசி எழுத்து வரை ஒப்பிட்டுப் பார்க்க வருபவருக்குக் கற்றுக்கொடுங்கள்.